சிப்பிப்பாறைக் குட்டியை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவரலாமா?

சென்னை மேடவாக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகர், பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 34; சொந்த ஊர் சாத்தூர் பக்கம். தாத்தா காலத்தில் வீட்டில் சிப்பிப்பாறை நாய்கள் இருந்தனவாம். இப்போது ஊரில் பெரியப்பா வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. 35 நாளான சாம்பல் நிறப் பெட்டைக் குட்டியைக் காசு வாங்காமல் தருவதாகப் பெரியப்பா சொல்கிறார்.

வாசகர் குடியிருப்பது மூன்றாம் மாடியில், 950 சதுர அடி சொந்த ஃபிளாட்டில். கணவன், மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மகனுக்கு 6 வயது. பகலில் வீட்டில் இருப்பவர் 67 வயது அம்மா, அவருக்கு மூட்டுவலி. மனைவியோ, "ஃபிளாட்டுக்கு பீகிள்தான் சரி, சின்ன நாய்" என்கிறார். அசோசியேஷன் செயலர் நாயே கூடாது என்கிறார். கீழ்த்தளத்தில் ஒருவர் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிறார்.

வாசகரின் திட்டம் இது: காலையும் மாலையும் மொட்டை மாடியில் அவிழ்த்து ஓடவிடுவது, சாப்பாட்டுக்குத் தயிர்ச்சோறு, பகலில் அம்மா பார்த்துக்கொள்வார், நம் மண்ணின் நாய் என்பதால் ஊசி அதிகம் தேவைப்படாது, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது முயல் பிடிக்கக் கூட்டிப்போகலாம், ஒத்துவரவில்லை என்றால் பெரியப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். "எங்கள் வாழ்க்கைக்கு இந்த நாய் சரிப்படுமா டாக்டர்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் குட்டியை இப்போது எடுத்துவர வேண்டாம். வீடு சிறியது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வளர்ந்த சிப்பிப்பாறை 950 சதுர அடியில் நன்றாகவே வாழும். கவலை தருபவை வேறு. அன்றாடம் காலை மாலை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கப்போவது யார் என்று கடிதத்தில் எங்குமே இல்லை. ஓட்டத்துக்கு மொட்டை மாடியை நம்பியிருக்கிறீர்கள். முடியாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற எண்ணத்தோடு ஆரம்பிக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓட்டம் எவ்வளவு, தூக்கம் எவ்வளவு

வேட்டை நாய் என்றாலே நாள் முழுக்க ஓடவேண்டிய நாய் என்று நினைக்கிறோம். வேட்டை நாய்களில் மோப்பம் பிடித்துப் போகிறவை உண்டு. கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை உண்டு. சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்தின் முதோல், வடக்கே ராம்பூர் எல்லாம் பார்வை வேட்டை நாய்கள். கரிசல் காட்டில் முயல் எழும்பிய நொடியில் பாய வேண்டும். ஓரிரு நிமிடத்தில் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் அது போய்விடும். அதற்கு ஏற்ற உடம்பு இவற்றுக்கு: இறங்கிய மார்பு, ஒட்டிய வயிறு, வில்லாக வளையும் முதுகு, நீண்ட கால்கள். முழு வேகத்தில் ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு கால்களும் இருமுறை தரையை விட்டு எழும்பும். அந்த வேகத்தை நெடுநேரம் தாங்க உடல் இடம்கொடுக்காது. ஓடி முடித்ததும் படுத்துவிடும். வளர்ந்த சிப்பிப்பாறை பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும், தேவையில்லாமல் குரைக்காது. ஃபிளாட்டுக்கு இது நல்ல குணம்.

ஆகவே உங்களிடம் அது கேட்பது இவ்வளவு: காலையில் 40 நிமிடம், மாலையில் 40 நிமிடம் கயிற்றில் நடை. வாரத்தில் மூன்று நாளாவது, நான்கு பக்கமும் ஆறடிக்குக் குறையாத வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டு ஓட்டம். அந்த ஓட்டம் 10 அல்லது 15 நிமிடம் போதும். அதற்கு முன் பத்து நிமிடம் நடத்தி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த தசையோடு முழு வேகம் பிடித்தால் தொடைத் தசை கிழிகிறது.

இது இரண்டு வயதைத் தாண்டிய நாயின் கணக்கு. குட்டியின் கணக்கே வேறு. மூன்று மாதத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு வயது வரை இதே நாய் சோபாவைக் கிழிக்கும், செருப்பைக் கடிக்கும், மகனின் கணுக்காலைத் துரத்தும். அந்த வயதில் களைத்து விழும்வரை ஓடவிட்டு அடக்கலாம் என்றும் நினைக்கக் கூடாது. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு மூடுவதற்கு ஒரு வயதுக்கு மேல் ஆகும். அதற்குள் பைக்கோடு சேர்த்து ஓட்டுவதும், மூன்று மாடிப் படிகளில் தினமும் ஏற்றி இறக்குவதும் காலைக் கோணலாக்கிவிடலாம். மாதத்துக்கு ஐந்து நிமிடம் என்பது ஒரு கைக்கணக்கு: நான்கு மாதக் குட்டிக்கு ஒரு தடவைக்கு 20 நிமிட நடை. மீதி நேரத்துக்கு மெல்லுவதற்கு ஏதாவது, தேடித் தின்ன ஏதாவது, கூடவே ஓர் ஆள்.

உங்கள் மனைவி சொல்லும் பீகிள் பற்றி ஒரு வார்த்தை. உருவம் சின்னது என்பதால் தேவையும் சின்னது என்று ஆகாது. அது மோப்ப நாய். மணிக்கணக்கில் தடம் பிடித்துப் போவதற்கென்றே வளர்க்கப்பட்டது. களைப்பு சீக்கிரம் வராது. தடத்தில் இருக்கும்போது கூட இருப்பவர்களுக்குக் கேட்கவேண்டும் என்று ஊளைபோல நீண்ட குரல் கொடுக்கும். தனியாக விட்டால் அதே குரலைப் படுக்கையறையிலிருந்து கொடுக்கும். உங்கள் செயலர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் புகார் அதுவாகத்தான் இருக்கும். அடுக்குமாடியில் அமைதி வேண்டுமென்றால் பீகிளைவிடச் சிப்பிப்பாறையே மேல். ராஜபாளையமும் கோம்பையும் காவல் குணம் மிகுந்தவை. லிஃப்டில் தினம் ஒரு புது முகத்தைப் பார்க்கவேண்டிய இடத்துக்கு அவை வேண்டாம்.

மொட்டை மாடியை மறந்துவிடுங்கள்

உங்கள் திட்டத்தில் உயிர் போகக்கூடிய பகுதி இதுதான். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் மூன்றடி, மூன்றரையடிதான் இருக்கும். வளர்ந்த சிப்பிப்பாறை அதை ஓடிவராமலேயே தாண்டும். சுவரில் வந்து உட்காரும் ஒரு புறா போதும். துரத்தத் தொடங்கிய பார்வை வேட்டை நாய் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று யோசிக்காது. விழாமல் தப்பினாலும், சிமென்ட் தரையில் முழு வேகத்தில் திரும்பும்போது பாதத்தின் மெத்தை உரியும், முன்னங்கால் மணிக்கட்டு பிசகும், நகம் அடியோடு பிய்ந்து வரும். மே மாதத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கும் மாடித் தரை கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது.

இதே குணம் தெருவிலும் இருக்கும். கூப்பிட்டால் வரும்படி எவ்வளவுதான் பழக்கினாலும், பூனையோ அணிலோ கண்ணெதிரே ஓடும்போது உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. கீழ்ப்படியாத நாய் என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக அதை வளர்த்தவர்கள் தேர்ந்தெடுத்துச் சேர்த்த குணம் அது. எனவே வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பது என்பதே கிடையாது, ஒரு நாளும். வாசலில் கிரில் கேட் வேண்டும்: கதவு திறந்தால் கேட் மூடியிருக்க வேண்டும், கேட் திறந்தால் கதவு மூடியிருக்க வேண்டும். பால்கனிக்கு மேல்வரை கம்பியோ வலையோ போட வேண்டும்.

பெல்ட்டையும் கவனித்து வாங்க வேண்டும். இவற்றின் தலை குறுகல், கழுத்து அதைவிடப் பருமன். சாதாரணப் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயந்து பின்னால் இழுக்கும் நாய் அதிலிருந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். மார்ட்டிங்கேல் என்று கேட்டு வாங்குங்கள்; இழுக்கும்போது கொஞ்சம் இறுகி, விட்டதும் தளரும், மூச்சை அடைக்கும் அளவுக்கு இறுகாது. ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம் இருக்கட்டும். கூடவே மார்பைச் சுற்றும் ஹார்னஸ் ஒன்று. பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் லீஷ் இந்த நாய்க்கு வேண்டவே வேண்டாம். ஐந்து மீட்டர் தூரம் வேகமெடுத்துவிட்டுக் கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுக்கப்படும்; இல்லையென்றால் பிடி உங்கள் கையிலிருந்து பறந்துவிடும். ஆறடி நீளத் துணி லீஷே போதும்.

கீழ்த்தளத்துப் பூனைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றைத் தாண்டாமல் உங்களால் தெருவுக்கே போக முடியாது. சோறு வைப்பவரோடு முன்கூட்டியே பேசி, நீங்கள் இறங்கும் நேரத்துக்கும் அவர் வைக்கும் நேரத்துக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வரும்படி ஏற்பாடு செய்ய முடியுமா? முடியாவிட்டால் தினமும் இருமுறை அந்த வாசலில் உங்கள் முழு பலத்தையும் சோதிக்கப்போகிறீர்கள்.

அம்மாவும் மகனும்

"அம்மா பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குமேல் சிறுநீரை அடக்காது. நீங்கள் இல்லாத பத்தரை மணி நேரத்தில் நான்கைந்து முறை வெளியே கொண்டுபோக வேண்டும், அல்லது நான்கைந்து முறை தரையைத் துடைக்க வேண்டும். மூட்டுவலியோடு குனிந்து துடைப்பதும், ஈரத் தரையில் நடப்பதும் அவருக்கு ஆபத்து. வளர்ந்தபின் அது 15 முதல் 20 கிலோ எடையுள்ள நாய். தளர்ந்திருந்த கயிறு ஒரே நொடியில் விறைக்கும்போது 67 வயதுக்காரர் நின்ற இடத்திலேயே விழுவார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிவு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். அம்மா வீட்டில் இருப்பது நாயின் தனிமையைத் தீர்க்கும், அது பெரிய உதவிதான். சாப்பாடு வைக்கலாம், பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் கயிறு ஒருபோதும் அவர் கைக்குப் போகக் கூடாது.

பகலில் கட்டிப்போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குப் பயமும் எரிச்சலும்தான் வளரும். அதைக் காவல் குணம் என்று தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

மகனைப் பொறுத்தவரை மூன்று விதிகள்: தூங்கும் நாயைத் தொடக் கூடாது, சாப்பிடும் நாயின் பக்கம் போகக் கூடாது, பெரியவர் இல்லாமல் இருவரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் அவன் கத்திக்கொண்டு ஓடினால் நாய் துரத்தும். அவனுக்கு விளையாட்டாகத் தோன்றுவது நாய்க்கு வேட்டை. ஓடுவதை நிறுத்தி மரம்போல நிற்கப் பழக்குங்கள்.

35 நாள் குட்டி, ஊசி, தயிர்ச்சோறு

35 நாளில் குட்டியைப் பிரிக்கவே கூடாது. ஐந்து முதல் எட்டு வாரம் வரை கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் உறுமி ஒதுக்கும். அந்தப் பாடத்தைத் தவறவிட்ட குட்டி உங்கள் மகனின் கையில் பல்லைப் பதித்துத்தான் கற்றுக்கொள்ளும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளே சொல்கின்றன. பெரியப்பா விற்கவில்லை, அன்பளிப்பாகத் தருகிறார். ஆனாலும் விதிக்குப் பின்னால் உள்ள காரணம் குட்டிக்கு ஒன்றுதான்.

நாட்டு இன நாய்க்கு ஊசி தேவையில்லை என்பது குட்டிகளைக் கொல்லும் நம்பிக்கை. குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ, டிஸ்டெம்பர் வைரஸ் நோய்கள் இனம் பார்ப்பதில்லை. ஊரில் ஊசி போடாமல் பிழைத்த நாய்கள் உங்கள் கண்ணில் படுகின்றன. பிழைக்காத குட்டிகளை யாரும் கணக்கு வைப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும்வரை. ஏன் இத்தனை தடவை என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அது ஊசியையும் செல்லாமல் ஆக்கிவிடும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ஒரு மாதத்துக்குள் இன்னொன்று, பின் ஆண்டுதோறும். வெறிநோய் அறிகுறி வந்தபின் மருந்து கிடையாது, நாய்க்கும் மனிதருக்கும். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. உண்ணிக்கு மாத்திரையோ, முதுகில் விடும் சொட்டு மருந்தோ விடாமல் கொடுங்கள். சென்னையில் உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்கள் ஆண்டு முழுவதும் வருகின்றன.

தயிர்ச்சோறு மட்டும் தின்று வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. கால்சியமும் பாஸ்பரஸும் சரிவிகிதத்தில் கிடைக்காது. முன்னங்கால் வளைந்து, மணிக்கட்டு வீங்கி வரும் குட்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். பயந்துபோய்க் கடையில் கால்சியம் டானிக் வாங்கி அளவில்லாமல் ஊற்றுவதும் அதே அளவு கெடுதல். குட்டிகளுக்கென்று செய்த தீனியைக் கொடுங்கள். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் முட்டை, எலும்பு நீக்கிய கோழி, ஈரல், அரிசி அல்லது கேழ்வரகு என்று மருத்துவரிடம் அளவு எழுதி வாங்குங்கள். வளர்ந்த 18 கிலோ நாய்க்கு, ஓட்டத்தைப் பொறுத்து, ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 கிலோ கலோரி தேவைப்படும். உலர் தீனியாக 300 கிராமைச் சுற்றி வரும். அதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

"சோறே போடுவதில்லையா?" என்று லிஃப்டில் கேட்பார்கள். அதற்காக அளவைக் கூட்டாதீர்கள். ஆரோக்கியமான சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு, மூன்று விலா எலும்புகள் தெரியத்தான் செய்யும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு, தொடைச் சதை வற்றியிருந்தால்தான் மெலிவு.

சட்டம் என்ன சொல்கிறது

அசோசியேஷன் விஷயத்தில் நீங்கள் பயப்படத் தேவையில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. அதன் பிரதியைச் செயலரிடம் மரியாதையாகக் கொடுங்கள். கூடவே உங்கள் தரப்பு வாக்குறுதியையும் எழுதிக் கொடுங்கள்: பொது இடத்தில் எப்போதும் கயிறு, கழிவை உடனே அள்ளுவது, தடுப்பூசிச் சான்று. சண்டை போட்டு வென்ற வீட்டைவிட, பேசி ஒத்துக்கொண்ட வீட்டில்தான் நாய்க்கு நிம்மதி. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம்; அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் மைக்ரோசிப்பும் வேண்டும்.

உரிமை இருக்கும் அளவுக்குப் பொறுப்பும் இருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நாய் நழுவிப்போய் யாரையாவது தள்ளிவிட்டால் "அது விளையாட்டுக்குச் செய்தது" என்பது பதிலாகாது.

பொங்கல் முயல் வேட்டை குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே நாயை விட்டுத் துரத்துவதும் அடங்கும். முயல் பிடிபடாவிட்டாலும் முயற்சியே வேட்டைதான். சொந்தப் பட்டா நிலம் என்பதால் விலக்கு எதுவும் இல்லை. நாயின் துரத்தும் ஆசைக்கு வடிகால் வேண்டுமென்றால், நீண்ட கம்பின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றில் துணிப் பொம்மையைக் கோத்து, வேலிக்குள் தரையோடு தரையாக இழுத்து ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். முடிக்கும்போது ஒருமுறை பிடிக்கவிட்டு, கடித்து உலுக்கவும் விடுங்கள். கடைசிவரை ஏமாற்றினால் வெறுத்துப்போகும். திடீர்த் திருப்பங்கள் அதிகம் என்பதால் ஒரு வயதுக்கு முன் இது வேண்டாம்.

"திருப்பிக் கொடுத்துவிடலாம்"

ஃபிளாட்டில் ஒரு வருடம் வளர்ந்த நாயை ஊருக்கு அனுப்புவது அதைப் பிறந்த இடத்தில் சேர்ப்பதாகாது. ஆட்டுக்குட்டியையும் கோழியையும் அது ஒருநாளும் பார்த்திருக்காது, பார்த்தவுடன் துரத்தும். அடுத்த வீட்டு ஆட்டைக் கடித்த நாய்க்கு ஊரில் கல்லடியும் விஷம் வைத்த கறியும்தான் கிடைக்கும். ஊர் நாய்களின் கூட்டமும் அதைச் சேர்க்காது. இவற்றின் தோல் மெல்லிசு, அடியில் கொழுப்பு இல்லை. ஒரு கடியில் சட்டைத்துணி போலக் கிழியும். திருப்பி அனுப்பும் எண்ணத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த 12 அல்லது 14 ஆண்டுகளுக்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது மகனுக்குக் கல்லூரி வயது, அம்மாவுக்கு எண்பது. அந்தக் கணக்கிலும் மனம் சரி என்றால் மேலே படியுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்

நாய் இல்லாமலே ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். நீங்களோ உங்கள் மனைவியோ காலை ஐந்தரைக்குக் கீழே இறங்கி 40 நிமிடம், இரவு ஏழரைக்கு 40 நிமிடம். மழையிலும், அலுவலகத்தில் நேரமான நாளிலும், உறவினர் வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும். சமையலறைக் காலண்டரில் குறியுங்கள். அப்படி நடக்கும்போதே ஓடவிடும் இடத்தையும் தேடுங்கள்: பள்ளி விடுமுறையில் அனுமதி தரும் சுற்றுச்சுவர் மைதானம், நண்பரின் வேலி போட்ட மனை, கட்டணம் வாங்கும் நாய் விளையாட்டுத் திடல். ஒரு மாதத்தில் நான்கு நாளுக்குமேல் தவறினாலோ, அரை மணிப் பயணத்துக்குள் ஒரு வேலியிட்ட இடம் கிடைக்காவிட்டாலோ, உங்கள் வீட்டுக்கு இந்த வகை நாய் இப்போது வேண்டாம்.

ஒத்திகையில் தேறினால் குட்டியைத் தேடாமல், இரண்டு, மூன்று வயதான நாயைத் தத்தெடுங்கள். சென்னைக் காப்பகங்களுக்கு ஆசையாக வாங்கிக் கைவிடப்பட்ட நாட்டு இன நாய்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வளர்ந்த நாயின் குணம் தெரிந்துவிடும், கழிவுப் பழக்கம் சீக்கிரம் வரும், சோபா தப்பும். ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். மகனையும் அம்மாவையும் கூட்டிப்போய் வேறு வேறு நாளில் மூன்று முறை பாருங்கள். பூனைக் கூண்டைத் தள்ளி நின்று காட்டச் சொல்லுங்கள்: பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறதா, இல்லை உடல் விறைத்து, கண் இமைக்காமல், பெயர் சொன்னாலும் கேட்காமல் நிற்கிறதா? இரண்டாவது மாதிரி என்றால் உங்கள் கட்டடத்துக்கு அது சரிவராது. இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க அனுமதிக்கும் காப்பகமாக இருந்தால் இன்னும் நல்லது. இனம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அங்கேயே நிதானமான ஒரு தெருநாயும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் நேரத்துக்கு அது இன்னும் பொருந்தலாம்.

எந்தப் பார்வை வேட்டை நாய் வந்தாலும் மூன்று மருத்துவ எச்சரிக்கைகளை ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். ஒன்று, மயக்க மருந்து. கிரேஹவுண்டு போன்ற நாய்களின் உடல் தயோபென்டோன் வகை மருந்தைக் கழிக்க அதிக நேரம் எடுக்கும். கருத்தடை அறுவைக்கு முன்பே "இது பார்வை வேட்டை நாய், கொழுப்பு குறைவு" என்று மருத்துவரிடம் சொல்லி, வேறு மருந்தும் உடலைச் சூடாக வைக்கும் ஏற்பாடும் கேளுங்கள். இரண்டு, வயிறு முறுக்கல். மார்பு ஆழமான நாய்களில் வயிறு காற்றடைத்துத் திருகிக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், எச்சில் ஒழுக நிலைகொள்ளாமல் நடந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். மூன்று, வெப்பம். நம் ஊர் நாய்தான், ஆனாலும் சென்னையின் ஈரக்காற்றில் மூச்சிரைப்பால் உடல் குளிர்வது குறையும். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பிறகும்தான் ஓட்டம். தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிப்போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, விசிறிக்காற்று படவைத்து, அப்படியே மருத்துவமனைக்கு.

கடைசியாக, பெரியப்பா வீட்டுக் குட்டி. உங்கள் ஒத்திகை முடியும்வரை அதைக் காத்திருக்க வைக்காதீர்கள். எட்டு வாரம்வரை தாயோடு விடச் சொல்லுங்கள். சாத்தூரில் கால்நடை மருத்துவரிடம் மொத்தக் குட்டிகளுக்கும் முதல் ஊசிக்கும் புழு மருந்துக்கும் ஆகும் செலவை நீங்கள் அனுப்புங்கள். காசில்லாமல் கிடைக்கவிருந்த குட்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் அது. தோட்டமும், வேலியும், பகலில் ஆளும் உள்ள வீட்டுக்கு அது போகட்டும். தாய் நாய்க்கு அடுத்த ஈற்று வேண்டுமா என்பதையும் அவரோடு பேசுங்கள். வேண்டாம் என்றால், குட்டிகள் பால் மறந்த சில வாரங்களில் கருத்தடை செய்துவிடலாம்.